ஒருசந்தியும் ஒரு சுவரும்

சாம்பல் புதன் விடிகிறது. சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று கையிலே ஏந்திப் பாடிச் சென்ற ஓலை, எரிந்து நீறாகி, இன்று நெற்றியிலே ஏறுகிறது. மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்கே போவான் என்று நினைவூட்டிச் சாமியார் பூசுகிறார். செல்வரும் தலை குனிகிறார், சேரியிலிருந்து வந்தவரும் தலை குனிகிறார். எல்லோரும் மண்தான்; மறுப்பில்லை!

மண் என்று ஒப்புக்கொண்ட அதே மக்கள்தாம், எந்த மண்ணிலே எவரைப் புதைப்பது என்பதற்குச் சுவர் எழுப்பினார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலே, தாழ்த்தப்பட்ட கிறித்தவரின் பிணங்களையும் மற்றக் கிறித்தவரின் பிணங்களையும் பிரித்து வைக்கச் சுவர் நின்றது. உயிரோடிருப்பவர் ஒருவரையொருவர் தொட்டுவிடாமல் இருக்க அன்று; செத்தவர் எலும்போடு எலும்பு உரசிவிடாமல் இருக்க! நெற்றியிலே பூசிய நீறு மாலைக்குள் உதிர்ந்துவிடுகிறது. அந்தச் சுவர் பல்லாண்டு உதிரவில்லை.

கிறித்தவ அன்பரே! உம்மை ஏளனம் செய்வதற்காக இதனை எழுதவில்லை. உயிர்ப்புத் திருநாளுக்கு ஆன்மாவை ஆயத்தம் செய்கிறேன் என்று நாற்பது நாள் நோன்பு ஏற்கிறீரே, அந்த ஆயத்தம் எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். என் அளவுகோலைக் கொண்டு உம்மை அளக்கப் போவதில்லை. நீர் முத்தமிடும் நூலையும், நீர் நடக்கும் சிலுவைப் பாதையையும், நீர் கொண்டாடும் திருநாளையுமே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கு உமக்கு மனக்குறை இருக்க நியாயமில்லை.

இந்த நாட்களிலே நீர் எவற்றை விடுகிறீர்? இறைச்சியை விடுகிறீர். ஒருசந்தி இருக்கிறீர், சுத்தபோசனம் காக்கிறீர். சிலர் சுருட்டை விடுவர், சிலர் சினிமாவை விடுவர், பெண்டிர் சிலர் கூந்தலிலே பூவை விடுவர். சேமித்த காசை ஏழைக்கு என்று உண்டியிலே போடுவதும் உண்டு. நல்லவைதாம், குறை கூறேன். ஆனால் இவையெல்லாம் உயிர்ப்பு ஞாயிறு மதியம் மீண்டும் இலைக்குத் திரும்பிவிடும் பொருள்கள். திரும்பி வராதபடி விட வேண்டிய ஒன்று இருக்கிறது. நாற்பது நாள் பட்டியலிலே அது இடம் பெறுவதே இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே மண்டியிட்டுக் கோபப்பட்டேன், பொய் சொன்னேன், பூசை தவறினேன் என்று சொல்லுகிற நாவு, சாதி பார்த்தேன் என்று சொல்ல ஏன் எழுவதில்லை? மறந்துபோயிற்றா? பாவம் என்றே தோன்றவில்லையா?

தவக்காலம் தொடங்கிய மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமையன்று, உமது கோவிலிலே ஏசாயா தீர்க்கர் நூலின் ஐம்பத்தெட்டாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. நோன்பிருந்தோமே, நீர் பாராதிருப்பதேன் என்று கடவுளிடம் முறையிடுகிற மக்களுக்கு அங்கே சூடான மறுமொழி கிடைக்கிறது. தலையை நாணல்போல் வளைப்பதும் சாம்பலிலே கிடப்பதும் நோன்பாகாது. பிறர் கழுத்திலே ஏற்றிய நுகத்தை உடைப்பதே நோன்பு என்பது அந்த அதிகாரத்தின் சாரம். சீர்திருத்த மேடையிலே எவரோ முழங்கியது அன்று. உமது பீடத்திலே வாசிப்பது! வாசித்தவர் நூலை மூடுகிறார், கேட்டவர் வீடு திரும்புகிறார், மாலையில் மீன் குழம்பு. நுகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்த நுகத்தின் கதை சிறியதன்று. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியாரைச் சேர்க்க அவர்தம் கோலத்தையே பூண்டார். பூணூலுக்கும் குடுமிக்கும் சந்தனத்துக்கும் 1623-இல் ரோமாபுரியின் இசைவும் கிட்டியது. மதத்தை மாற்றலாம், சாதியை மாற்ற வேண்டா என்ற வசதியான வழி அன்று திறந்தது. அந்த வழியிலே வந்தவர்கள் சாதியைச் சுருட்டிக் கக்கத்திலே இடுக்கிக்கொண்டே கோவிலுக்குள் நுழைந்தார்கள். சீர்திருத்தச் சபையார் இதைப் படித்துவிட்டுப் புன்னகைக்க வேண்டா. கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சாதியை உடனே அறவே விட வேண்டும் என்று 1833-இல் ஆணை பிறப்பித்தபோது தஞ்சையிலே என்ன நடந்தது? சாதியை விடச் சொன்னார்; பலர் அவரது சபையை விட்டார்கள்! விட வேண்டியதைக் காத்து, காக்க வேண்டியதை விட்ட அந்த விரதத்துக்கு என்ன பெயர் வைப்பது?

நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கோவிலை நினைத்துப் பாருங்கள். 1872-இல் எழுந்த அக்கோவில், கால்சட்டையின் இரு கால்களைப்போல் இரண்டாகப் பிரிந்து, பீடத்தினருகே மட்டும் ஒன்றாகும்படி கட்டப்பட்டது. ஒரு காலிலே வெள்ளாளரும் அவரைச் சார்ந்தோரும். மறு காலிலே நாடார். நடுவே சுவர். பூசை செய்யும் சாமியாருக்கு இரு சாராரும் தெரிவார்கள்; ஒரு சாராரை மறு சாரார் காணமாட்டார்கள். கொத்தனாரின் திறமையை வியக்கத்தான் வேண்டும்! அயலானை நேசி என்ற மார்க்கத்துக்கு, அயலான் கண்ணிலேயே படாதபடி ஓர் ஆலயம்.

அந்தச் சுவர் எப்படி வீழ்ந்தது என்பதுதான் இங்கே முக்கியம். காலம் கனிந்து தானே சரியவில்லை. 1910-இல் கௌசானல் அடிகள் பங்குச் சாமியாராக இருந்தபோது இடித்துத் தள்ளப்பட்டது. உயர்சாதியார் கொதித்தார்கள், வழக்குத் தொடுத்தார்கள், எங்கள் சுவரை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள் என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றார்கள், தோற்றார்கள். கிறித்துவின் பெயரைத் தாங்கியோர் வெள்ளைக்காரன் நீதிமன்றத்திலே நின்று, சகோதரனை மறைக்கச் சுவர் கேட்டார்கள் என்பதை ஏட்டிலே படிக்கும்போது நமக்கே வெட்கம் வருகிறது.

அது பழங்கதை என்பீர். சரி, அண்மைக்கு வருவோம். 2008-ஆம் ஆண்டு மார்ச் 9. அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. குருத்தோலைக்கு ஒரு வாரம், உயிர்ப்புத் திருநாளுக்கு இரண்டு வாரம். அந்நாளைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரிலே, கத்தோலிக்கரான வன்னியருக்கும் கத்தோலிக்கரான தாழ்த்தப்பட்டோருக்கும் இடையே கலவரம். பிணம் எந்தத் தெருவழியே போவது, எந்த இடத்திலே அடங்குவது, கோவிலிலே சமமாக நிற்பது எப்போது என்ற நெடுநாள் பிணக்கு. சம இடம் கிட்டாதென்று கண்ட தாழ்த்தப்பட்டோர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டிருந்தார்கள். கலவரம் முற்றியது. காவல்துறை சுட்டது, இருவர் மாண்டார்கள். நோன்புக் காலத்திலே, ஞாயிற்றுக்கிழமையிலே! சுட்டது காவல்துறை, சுடும் நிலைவரை ஊரை இழுத்துச் சென்றது சாதி.

அன்றைய பூசையிலே வாசிப்பதற்குத் திருச்சபை குறித்திருந்த பகுதி எது தெரியுமா? இலாசரின் கதை. செத்து நான்கு நாளான நண்பனின் கல்லறைக்கு முன்னே இயேசு நின்று அழுத கதை. அதிலே ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்க வேண்டும். செத்தவனை எழுப்ப வல்லவர் என்று நீர் நம்புகிறவர், கல்லறையை அடைத்த கல்லைத் தாமே தள்ளவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கல்லை அகற்றச் சொன்னார். நாற்றமடிக்குமே என்று அப்போதும் ஒரு தடை சொல்லப்பட்டது. கல்லை அகற்றிய பிறகே அழைத்தார். வந்தவனின் கட்டுகளை அவிழ்க்கும் வேலையையும் சுற்றி நின்றவர்களுக்கே கொடுத்தார். உயிர் கொடுப்பது அவர் செயலாக இருக்கட்டும். கல்லைப் புரட்டுவது மனிதன் வேலை என்று உமது நூலே பிரித்துக் காட்டிவிட்டது. சுவரை இடிப்பதற்கும் வானத்தூதன் வரவேண்டும் என்று காத்திருப்பவருக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்லுவது?

இன்னும் ஒன்று. திருநாளின் மூலமே ஒரு கல்லறைதானே! அந்தக் கல்லறை யாருடையது? அரிமத்தியா ஊர்ச் செல்வர் யோசேப்பு, தமக்கென்று புதிதாய்ப் பாறையிலே வெட்டி வைத்திருந்தது. அரசாங்கம் குற்றவாளியென்று கூறிக் கழுமரத்திலேற்றிக் கொன்ற ஒருவரின் உடலை, ஊரிலே மதிப்புள்ள அம்மனிதர் கேட்டு வாங்கி, தமது சொந்தக் கல்லறையிலே வைத்தார். பழி வரும் என்று அஞ்சவில்லை. தீட்டு ஒட்டும் என்று பார்க்கவில்லை. அந்தக் கல்லறை கொடுக்கப்படாதிருந்தால், காலியான கல்லறை என்று நீர் பாடுவதற்கு எதுவும் இருந்திராது. அன்பரே, அந்த உடல் உமது ஊருக்கு வந்திருக்குமானால் சுவரின் எந்தப் பக்கத்திலே புதைத்திருப்பீர்?

இவற்றுக்கு வரும் மறுமொழிகளை நான் அறியாதவன் அல்லன். இந்த அழுக்கு எங்கள் மார்க்கத்தினுடையது அன்று, அயலிலிருந்து ஒட்டியது என்பது ஒன்று. ஒட்டியதுதான், ஐயமில்லை. ஒட்டிய அழுக்கைக் கழுவத்தானே நோன்பு? உடம்பிலே பிறவியிலேயே இருந்த அழுக்கை எவனும் குளித்துப் போக்குவதில்லை. வந்து ஒட்டியதைத்தான் போக்க வேண்டும்.

வழக்கத்தை ஒரே நாளில் மாற்ற இயலுமா என்பது மற்றொன்று. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. உயிர்ப்பு இரவின் விழிப்பு வழிபாடு பல நூற்றாண்டுக் காலம் சனிக்கிழமைக் காலையிலேயே நடந்து வந்தது. பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் அதை இரவுக்கு மாற்றினார். 1955-இல் புனித வாரச் சடங்குகள் அனைத்தையுமே திருத்தினார். லத்தீனிலே ஒலித்த பூசை அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளிலே தமிழாயிற்று. நாற்பது நாள் நீண்டிருந்த ஒருசந்திக் கட்டளையை ஆறாம் சின்னப்பர் 1966-இல் தளர்த்தினார். கட்டாய ஒருசந்தி இன்று சாம்பல் புதனும் பெரிய வெள்ளியுமாக இரண்டே நாள். பெரிய வியாழனன்று ஆண்களின் பாதங்களையே கழுவ வேண்டும் என்றிருந்த விதி 2016-இல் மாறிற்று. அதற்கு மூன்றாண்டு முன்பே, 2013-இல், போப்பாண்டவர் பிரான்சிஸ் ரோமாபுரியின் சிறார் சிறைக்குச் சென்று பன்னிருவர் பாதங்களைக் கழுவினார். அவர்களிலே பெண்களும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். வேளையை மாற்ற முடிந்தது, மொழியை மாற்ற முடிந்தது, வயிற்றின் கட்டளையை மாற்ற முடிந்தது. பிணம் போகும் தெருவை மட்டும் மாற்ற முடியாதாம்! அது மட்டும் ஆதி அந்தமில்லாத வழக்கமாம்!

பாதம் கழுவும் அந்தச் சடங்கையே பாருங்கள். பன்னிரண்டு பேரை முன்னதாகவே பொறுக்கியெடுத்து, வீட்டிலேயே நன்கு கழுவித் துடைத்துவிட்டு வரச் சொல்லி, வெள்ளித் தட்டிலே நீர் வார்க்கும் ஊர்கள் எத்தனை! கழுவப்பட்ட காலோடு அந்தப் பன்னிருவரும் எந்தெந்தத் தெருவுக்குத் திரும்புகிறார்கள், எந்தெந்தத் தெருவில் நடக்க அஞ்சுகிறார்கள் என்று வெள்ளிக்கிழமை காலையிலே எவரேனும் கேட்டதுண்டா?

எங்களிலே தாழ்த்தப்பட்டவர் கர்தினாலாகவே ஆகிவிட்டாரே என்றும் சொல்லுவீர். ஆம், 2022-இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா அப்பதவிக்கு உயர்ந்தார், மகிழ்ச்சிதான். ஆனால் அதற்கு ஆறாண்டு முன்னே, 2016 டிசம்பரிலே, இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கையே, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதை மறைக்க வேண்டா. ரோமாபுரியிலே ஒருவருக்குச் சிவப்புத் தொப்பி கிடைத்ததால், எறையூரிலே ஒருவருக்குக் கல்லறைக் குழி கிடைத்துவிடாது.

அரசின் வாசலிலேயும் இம்மக்களுக்கு இடமில்லை என்பதை நினைவிலே கொள்க. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்திலுள்ள தாழ்த்தப்பட்டோரையே பட்டியலிலே ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான தாழ்த்தப்பட்டோர் விடப்பட்டனர். நீ கிறித்தவன், உனக்குச் சாதி ஏது என்று அரசு கேட்கிறது. நீ இந்தச் சாதிக்காரன், உனக்கு இந்தத் தெருவிலே வேலை என்ன என்று கிறித்தவன் கேட்கிறான். அரசின் அநீதியை எதிர்த்து ஆயர்கள் அறிக்கை விடுகிறார்கள், கறுப்புக்கொடி பிடிக்கிறார்கள். நாமும் உடன் நிற்போம். ஆனால் வாதாடும் வழக்கறிஞரின் வீட்டுத் திண்ணையிலே கட்சிக்காரனுக்கு உட்கார இடமில்லையென்றால் வழக்கு எப்படி வலுப்பெறும்?

சபைக்குள்ளிருந்தே இதற்காகப் போராடி, மேலிடத்தின் கடுகடுப்பையும் ஊரின் பகையையும் வாங்கிக்கொண்ட குருமாரும் கன்னியரும் இல்லறத்தாரும் உண்டு. அவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு இக்கட்டுரை தேவையில்லை. அவர்கள் தோளிலே சுமத்திவிட்டு, சிரேனே ஊர்ச் சீமோன்மேல் சிலுவையை ஏற்றிய போர்வீரரைப்போல் விலகி நடக்கிறவர்களுக்காகத்தான் எழுதினேன்.

சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை, ஞாயிறுகளை நீக்கினால் நாற்பது நாள். ஒரு கல்லறைத் தோட்டச் சுவரை இடிக்க நான்கு ஆள் போதும்; இரண்டு நாள் வேலை. செங்கல்லைச் சுமந்து அப்புறப்படுத்த இன்னும் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் முப்பத்தாறு நாள், உயர்சாதித் தெருவிலே வீடு வீடாகச் சென்று பேசுவதற்கு. கதவடைப்பார்கள், திட்டுவார்கள், காணிக்கையை நிறுத்துவோம் என்று மிரட்டுவார்கள், வடக்கன்குளத்திலே செய்ததுபோல் வழக்கும் போடுவார்கள். போடட்டும். இந்த ஆண்டு உமது பங்குப் பேரவை கூடும்போது, புதுச் சுரூபத்துக்கும் மின்விளக்குத் தோரணத்துக்கும் பணம் ஒதுக்குவதற்கு முன்னால், கடப்பாரைக்கும் கூலிக்கும் எவ்வளவு ஆகும் என்று ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். அந்த ஒருவர் நீராக இருப்பீரா?