மருபூமி மடல்: வியர்க்காத வெயில்

சித்திரை பிறந்துவிட்டால், ஜோத்பூருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த நம்மவர் ஊருக்கு அனுப்பும் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கும். "வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது. ஆயினும் சென்னையைப் போலக் கசகசப்பு இல்லை. சட்டை நனைவதே இல்லை. சௌகரியமாகவே இருக்கிறோம்." இதைக் கேட்டு ஊரிலுள்ள பெரியவர்கள் நிம்மதி அடைகிறார்கள். சிலர் பேரக் குழந்தைகளைக் காண மே மாதத்திலேயே ரயிலேறியும் விடுகிறார்கள். அந்த நிம்மதியைச் சற்றே கலைப்பதுதான் இம்மாத மடலின் நோக்கம்.

சட்டை நனைவதில்லை என்பது மெய்தான். வியர்ப்பதில்லை என்பதுதான் பொய். மே மாதத்துப் பிற்பகலில் இங்கே காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 15, சில நாட்களில் 10 என்று இறங்கிவிடுகிறது. தோலின் மேல் அரும்பும் வியர்வை துளியாகத் திரளுமுன்பே காற்று அதைக் குடித்துவிடுகிறது. வெயிலில் நின்று உழைப்பவர் உடம்பிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் நீர்கூட வெளியேறக்கூடும். சென்னையில் நனைந்த சட்டை அந்தக் கணக்கை நமக்குச் சொல்லிவிடும். இங்கே சொல்லுவாரில்லை. கருநிறச் சட்டை அணிந்து வேலைக்குச் சென்றவர் மட்டும், மாலையில் அதைக் கழற்றும்போது முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள் படிந்திருப்பதைக் காண்பார். அவ்வளவும் அவருடைய வியர்வையே.

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்லுகிறேன். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியம்மாள் மகன் வீட்டிற்கு வந்திருந்தார். எழுபதைக் கடந்தவர், திடமானவர். காலையில் ஒரு காப்பி, நடுப்பகலில் ஒரு டம்ளர் மோர், அதற்குமேல் நீர் வேண்டாம் என்பார். "தாகமே எடுக்கவில்லையடி" என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சி குன்றிவிடும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. நான்காம் நாள் பிற்பகல், முறத்தில் அரிசி ஆய்ந்துகொண்டிருந்தவர், பேரனைத் தம் காலஞ்சென்ற தமையனாரின் பெயர் சொல்லி அழைத்தார். தூக்கக் கலக்கம் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். வாங்கிச் சென்ற சல்லடையைத் திருப்பிக் கொடுக்க அப்போது அடுத்த வீட்டு மார்வாரி அம்மாள் வந்தாள். "மாஜி!" என்று கூப்பிட்டு அவர் நெற்றியைத் தொட்டவள், திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். உடம்பு உலையாய்க் கொதித்தது. பிறகு அவள் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பாட்டியைக் கிடத்தி, ஒரு பருத்திப் புடவையை வாளி நீரில் முக்கி அப்படியே உடல்மேல் போர்த்தி, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, பையனை ஆட்டோ பிடித்து வர ஓட்டினாள். ஆஸ்பத்திரியில் நான்கு நாட்கள் இருந்து பாட்டி பிழைத்து வந்தார். அந்தச் சல்லடை அன்று வராமல் மறுநாள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவ்வீட்டார் இன்றும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

ஆகவே இங்கு வரும் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் தாகத்தை நம்பி நீர் கொடுக்கக்கூடாது; கடிகாரத்தை நம்பியே கொடுக்க வேண்டும். சிறுநீர் வைக்கோல் நிறத்தைவிடக் கறுத்தால் குடித்தது போதாது என்று பொருள். தலைச்சுற்றல், கால் குரக்குவலி கண்டால், கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்யலாம். நீர் குறைத்துக் குடிக்கும்படி வைத்தியர் கட்டளை இட்டிருப்பவர்களும், இரத்த அழுத்தத்திற்கு நீர் பிரியும் மாத்திரை உண்பவர்களும் வருமுன்பே தம் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பேச்சுக் குழறினால் வீட்டு வைத்தியத்திற்கு நேரமில்லை. உடம்பை நனைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது.

வீட்டு விஷயத்திலும் நம் வழக்கம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. வெக்கையாக இருந்தால் ஜன்னலைத் திற என்பது நம் ஊர்ப் பாடம். இங்கே அப்படித் திறந்தால் நுழைவது லூ. தார்ப் பாலையிலிருந்து நண்பகலில் வீசும் அனல் காற்றின் பெயர் அது. அடுப்பு வாயைத் திறந்தாற்போல் முகத்தில் அறையும். காலை எட்டு மணிக்குள் ஜன்னல்களை அடைத்துத் திரை போட்டுவிட்டு, பொழுது சாய்ந்தபின் திறப்பதே உள்ளூர் முறை. பழைய நகரத்து வீடுகளின் கனத்த மணற்கற் சுவர்கள் பகல் முழுவதும் வெப்பத்தைத் தாமே வாங்கிக்கொள்கின்றன. இரவில் அதைத் திருப்பித் தருகின்றன. அதனால்தான் மாலையில் மொட்டை மாடியில் நீர் தெளித்துக் கட்டில் போடுகிறார்கள். வெளியே செல்பவர் தலையோடு காதையும் துணியால் மூடுகிறார். நம் தோள் துண்டுக்கு இங்கே உண்மையான உத்தியோகம் கிடைக்கிறது! சட்டைப் பையில் ஒரு வெங்காயம் வைத்துக்கொண்டால் லூ அண்டாது என்றும் சொல்லுகிறார்கள். பையில் இருக்கும் வெங்காயத்தைவிட, கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சி ஆறவைத்த ராபுடன் கடித்துக்கொள்ளும் வெங்காயத்திலேயே எனக்கு நம்பிக்கை அதிகம். ராப் என்பது வேறொன்றுமில்லை, நம் கம்பங்கூழின் மார்வார்ச் சகோதரிதான்.

கூலர் விஷயத்தில் புதியவர்கள் பணத்தையும் கொடுத்துப் புழுக்கத்தையும் வாங்குகிறார்கள். கதவு ஜன்னல்களை எல்லாம் இறுக மூடிக்கொண்டு, கூலரை அறை நடுவே வைத்து ஓட்டுவார்கள். ஒரு மணி நேரத்தில் அறை சமையற்கட்டு ஆவி போல் ஆகிவிடும். வறண்ட காற்று நனைந்த தட்டியின் வழியே நுழையும்போது, நீர் ஆவியாவதனால் குளிர்கிறது; மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்வாறே. எனவே கூலரின் முதுகு வெளிக்காற்றைப் பார்த்திருக்க வேண்டும். எதிர்ப்புறத்தில் ஒரு ஜன்னல் சிறிது திறந்து, ஈரக் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். அப்படி வைத்தால் வெளியே 43 டிகிரி அடிக்கும்போது உள்ளே 30-க்கும் கீழே கொண்டுவரலாம். தட்டிக்கு மரச்சீவலைவிட, இவர்கள் கஸ் என்று சொல்லும் நம் வெட்டிவேர் உயர்ந்தது. மணத்திற்காக மட்டுமே நான் அதற்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பேன்.

ஆனால் கூலருக்கும் நீர் வேண்டுமே! ஒரு நாளில் அது குடிப்பது பல குடம். ஜோத்பூரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரி 36 செ.மீ. அளவுதான். சென்னையில் பெய்வது ஏறத்தாழ 140 செ.மீ. நகரம் குடிப்பது பஞ்சாபின் ஹரிகே அணையில் புறப்படும் இந்திரா காந்தி கால்வாயின் நீர். அதிலிருந்து பிரியும் ஏற்றக் கால்வாய் ஒன்று, சுமார் 200 கி.மீ. தூரம் அதைப் பம்பு செய்து கைலானா ஏரிக்குக் கொண்டுவருகிறது. கால்வாயைப் பழுது பார்ப்பதற்கென்று கோடையில் சில வாரங்கள் அடைத்துவிடுவதும் உண்டு. அந்நாட்களில் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும். முன்கூட்டியே தொட்டியைக் கழுவி நிரப்பி வைப்பது புத்திசாலித்தனம். இவ்வளவு இழுபறியிலும், 2022 ஏப்ரலில் பாலி நகரம் வறண்டபோது இங்கிருந்தே ரயில் தொட்டிகளில் நீர் அனுப்பினார்கள். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் ரயில் ஓடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். தண்ணீரைச் சரக்காக ஏற்றுவதைக் காண எந்த ரயில்வேக்காரனுக்கும் மனம் ஒப்பாது.

கோடையில் தெருவுக்குத் தெரு பியாவு வைக்கிறார்கள். நம் தண்ணீர்ப் பந்தலேதான். மரக் கிளைகளில் பறவைகளுக்கென்று மண் சட்டிகளும் தொங்குகின்றன. காலையில் அவற்றை நிரப்புவது பல வீடுகளில் குழந்தைகளின் வேலை. நம் குழந்தைகளும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

நமக்குக் கத்திரி வெயில் முடியும் தறுவாயில், மே 25-ஐ ஒட்டிச் சூரியன் ரோகிணியில் புகும்போது, இவர்களுக்கு நௌதபா தொடங்குகிறது. இந்த ஒன்பது நாட்கள் நன்றாகக் காய்ந்தால்தான் மழை நன்றாகப் பெய்யும் என்று, வெயிலை வைவதற்குப் பதில் வாழ்த்துகிறார்கள். ஜெய்சல்மேர்ப் பாதையிலுள்ள பலோடியில் 2016 மே 19 அன்று பதிவான 51 டிகிரி, இந்திய நாட்டின் உச்சமாகக் குறிக்கப்பட்டது. அத்தகைய வெயிலிலும் வன்னி மரம் பச்சையாக நிற்கிறது. இங்கே அதற்குக் கேஜ்ரி என்று பெயர். அதன் காய்தான் விருந்துகளில் பரிமாறும் சாங்கிரிக் கறி. அம்மரத்தை வெட்டவிடாமல் 1730-இல் கேஜட்லி கிராமத்தில் 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள். அதைப்பற்றித் தனி மடலே எழுத வேண்டும்.

நம் இல்லத்தரசிகளுக்கு ஒரு நற்செய்தியும் உண்டு. ஊரில் மூன்று நாள் காயவைக்கும் கூழ்வடகம் இங்கே ஒரே பகலில் கலகலவென்று காய்ந்துவிடும். ஆனால் பிற்பகலில் மேற்கு வானம் மஞ்சள் பூத்தால், கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓட வேண்டும். ஆந்தி என்னும் புழுதிப் புயல் கால் மணிக்குள் வந்துவிடும். அரிசி மாவினும் மெல்லிய அந்தப் புழுதி படிந்த வடகத்தை எத்தனை எண்ணெயில் பொரித்தாலும் பல்லில் நறநறக்கும். இட்லி மாவை இரவு அரைத்து வெளியே வைத்துவிட்டு உறங்காதீர்கள்; விடிவதற்குள் புளித்துப் பொங்கி வழிந்திருக்கும்.

ஜூலைத் தொடக்கத்தில் முதல் மழை எட்டிப் பார்க்கும்போது காற்றில் ஈரம் ஏறும். கூலர் பயனற்றுப் போகும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அந்த முதல் நாளில் நம்மவர் ஒருவருக்கொருவர், "சென்னை வந்துவிட்டது ஐயா!" என்று சொல்லிக்கொள்வது வழக்கம்.