ஹலால் போர்டும் பியர் போர்டும்: நம்ம ஊரில் குடும்பத்தோடு எங்கே சாப்பிடுவது?



கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா வாசிச்சுட்டு கமெண்ட் போடுங்க.

கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ சொந்தக்காரர்கள் வந்தால் கேட்கும் முதல் கேள்வி, "கடல் பக்கம் போய் நல்லா ஒரு சாப்பாடு சாப்பிடலாமா?" என்பதுதான். கேட்பது நியாயம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நண்டும் இறாலும் மீனும் இங்கிருந்துதான் வெளியூருக்கு லொறி ஏறுகின்றன. ஆனால் பாலாவிச் சந்தியில் திரும்பி கற்பிட்டி வரைக்கும் போனால், குடும்பத்தோடு மரியாதையாக உட்கார்ந்து அதைச் சாப்பிட எத்தனை இடம் இருக்கிறது? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இருப்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கடற்கரையில் வெளிநாட்டவர்களுக்காக நடக்கும் ரெஸ்டோரன்ட். வாசலில் பியர் போர்டு இருக்கும். மே முதல் ஒக்டோபர் வரை காற்றுக் காலம், கைட் சர்ஃபிங்காரர்கள் வருவார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வருவார்கள். அந்த வருமானத்தை நம்பித்தான் அவை நடக்கின்றன. மற்றது, டவுனிலும் பிரதான வீதியிலும் இருக்கும் நம்மவர்களின் ஹோட்டல்கள். வாசலில் ஹலால் போர்டு இருக்கும்.

"பியர் விக்கிற இடத்துக்கு நீங்க ஏன் டீச்சர் போறீங்க?" என்று கமெண்டில் கேட்க ஆட்கள் காத்திருப்பது தெரியும். மது வைத்த மேசையில் உட்காரக்கூடாது என்பது எனக்கும் தெரியும், நாங்கள் அப்படி உட்காரவும் இல்லை. அந்தக் கட்டடத்துக்குள்ளேயே போகமாட்டேன் என்பவர்களின் பேணுதலை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பேணுதல் உள்ளவர்களுக்கு நம் சமூகம் வேறு எந்த இடத்தை ஏற்பாடு செய்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

சில மாதத்துக்கு முன் என் கணவர், பிள்ளைகள், மாமியோடு கடற்கரை ரெஸ்டோரன்ட் ஒன்றுக்குப் போனோம். முதலில் காட்டிய மேசை பார் கவுன்டருக்குப் பக்கத்தில். வேறு இடம் கேட்டோம். முகம் சுளிக்காமல் தோட்டத்துப் பக்கம் தனியாக ஒரு மேசை போட்டுத் தந்தார்கள். சாப்பாடு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. சின்னவன் மேசையிலேயே தூங்கிவிட்டான். நண்டுக் கறி உண்மையிலேயே ருசி. சோறு ஆறிப்போய் வந்தது. இரண்டு பிளேட் கேட்டதற்கு ஒன்று வந்தது, பில்லில் மட்டும் இரண்டு இருந்தது. சொன்னதும் திருத்திக் கொடுத்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். கோழி ஹலாலா என்று கேட்டபோது வெயிட்டர் பையன், "எல்லாம் ஹலால்தான் மிஸ்" என்று உடனே சொல்லிவிட்டான். எனக்கு அந்த அவசரப் பதில் திருப்தி தரவில்லை. சமையல்காரரைக் கூப்பிடச் சொன்னேன். மாரவிலப் பக்கத்து சிங்கள மனுஷன், பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் பேசினார். "கோழி முஸ்லிம் கடையில் வாங்கினது. ஆனா இந்த கிரில்லில பன்றியும் சுடுறோம். உங்களுக்கு வேண்டாம். மீனும் நண்டும் வேற சட்டியில புதுசா சமைச்சுத் தாறேன்." நாங்கள் அப்படியே செய்யச் சொன்னோம். 2013இல் ஹலால் சின்னத்தை வைத்து நாட்டில் நடந்தது யாருக்கும் மறக்காது. அதற்குப் பிறகு நம்மில் பலருக்கு இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவே கூச்சம். மரியாதையாகக் கேட்டால் மரியாதையான பதில் கிடைக்கும் என்பதை அன்று பிள்ளைகளும் பார்த்தார்கள்.

இப்போது நம்ம பக்கம் வருவோம்.

அதற்கடுத்த மாதம் நம்மவர் ஒருவரின் ஹோட்டலுக்குப் போனோம். பெயர் சொல்லமாட்டேன், பெயர் இங்கே முக்கியமில்லை. பராட்டாவும் மாட்டுக் கறியும் பத்து நிமிஷத்தில் மேசைக்கு வந்தன. விலையும் கடற்கரையில் கொடுத்ததில் பாதிகூட இல்லை. ஆனால் பெண்கள் இருந்ததால் "ஃபெமிலி ரூம்" என்று பின்னால் அனுப்பினார்கள். குசினியை ஒட்டிய அறை. திரைச்சீலையில் கறிக் கறை. காற்றாடி சுழலவில்லை. கை கழுவும் இடத்தில் சோப் இல்லை. பெண்களுக்கு டொய்லட் கேட்டால், "பக்கத்துப் பள்ளிவாசல்ல கேட்டுப் பாருங்க" என்றார் கேசியர். முன்னால் ஆண்கள் உட்காரும் பகுதியில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

திரை போட்டால் பெண்களுக்கு மரியாதை கொடுத்தாயிற்று என்று நினைக்கிறார்கள். பார் இருக்கிற இடத்தில் ஒரு அந்நியர் எங்களுக்காக மேசையை மாற்றிப் போட்டார். நம் சொந்த இடத்தில் குசினிப் புகைக்குள் உட்கார வைத்தார்கள். இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் மார்க்கம் உணவைப் பற்றிப் பேசும்போது ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே பேசுகிறது. தூய்மையானது, நல்லது. போர்டில் முதல் சொல்லை எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிட முடியாது. அறுத்தது ஹலால், கழுவின தண்ணி எப்படி? எண்ணெய் எத்தனை நாள் பழசு? இந்தக் கேள்விகளும் மார்க்கக் கேள்விகள்தான்.

அடுத்தது காசு. கடற்கரை ரெஸ்டோரன்டில் பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் போட்டிருந்தார்கள். 8,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 800 ரூபாய். ஆறின சோற்றுக்கு இது எதற்கு என்று முதலில் கோபம் வந்தது. வெளியே வரும்போது இன்னொரு வெயிட்டர் ஓடிவந்து "டீச்சர்!" என்றான். என்னிடம் படித்த பிள்ளை. ஓ.எல். முடித்துவிட்டு மேலே படிக்காமல் விட்டவன். நல்லா இருக்கியா மகன் என்று கேட்டேன். டவுன் ஹோட்டலில் வெறும் நாள் கூலியாம், இங்கே சம்பளத்துக்கு மேல் சேவைக் கட்டணத்திலும் பங்கு வருகிறதாம். அதை வைத்துத்தான் தங்கச்சியின் படிப்புச் செலவைப் பார்க்கிறானாம். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "பியர் தட்டு தூக்கச் சொல்றாங்க டீச்சர். அதுதான் மனசுக்குக் கஷ்டம்" என்றான்.

இந்தப் பையனை ஊரில் பேசுவார்கள். பார்ல வேலை செய்றான் என்பார்கள். பேசுகிறவர்களில் ஹோட்டல் வைத்திருப்பவர்களும் உண்டு. உங்கள் கடையில் அவனுக்குச் சரியான சம்பளம், ஈ.பி.எஃப்., வாரத்தில் ஒரு நாள் லீவு கொடுத்துப் பாருங்கள். அவன் ஏன் அங்கே போகப் போகிறான்? கொடுக்காமல் அவனுடைய ஈமானை மட்டும் அளப்பது நீதியில்லை.

சேவை மோசம் என்று வெயிட்டர்களைத் திட்டுகிறோம். அவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தது? எங்களுக்கு வகுப்பில் நிற்கும் முன் பயிற்சிக் கலாசாலையில் பயிற்சி தந்தார்கள். ஓடரை எப்படி எழுதுவது, தாமதமானால் வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது என்பதும் படித்து வருகிற விஷயம்தான். இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம் இருக்கிறது, என்.வி.கியூ. சான்றிதழ்கள் இருக்கின்றன. ஓ.எல். எழுதிவிட்டுச் சும்மா இருக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறோம்?

விலை விஷயத்திலும் கவனம் வேண்டும். 2024 ஏப்ரலில் கொழும்பு புதுக்கடையில் 1,900 ரூபாய் கொத்து வீடியோ நாடு முழுக்க ஓடியது. விலை கேட்டவரை மிரட்டிய கடைக்காரர் கைதானார். ஒரு கடையில் நடந்ததற்கு அந்தத் தெருவே பேச்சு வாங்கியது. விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்கவேண்டும், கேட்டால் பில் கொடுக்கவேண்டும். இது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். முறைப்பாட்டுக்கு 1977. வெள்ளைக்காரருக்கு ஒரு விலை, கொழும்பாருக்கு ஒரு விலை, ஊராருக்கு ஒரு விலை என்று நடத்தினால் நாளைக்கு நம் கற்பிட்டியும் அப்படி ஒரு வீடியோவில் வரும்.

ஹோட்டல்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. சுத்தமான டொய்லட், பெண்களுக்கும் சேர்த்து. காற்று வருகிற ஃபெமிலி ரூம். தமிழிலும் சிங்களத்திலும் விலை போட்ட மெனு. தாமதமாகும் என்றால் முதலிலேயே சொல்வது. கடற்கரை ரெஸ்டோரன்ட்காரர்களிடம் கேட்பது, பாரிலிருந்து தள்ளி நாலு குடும்ப மேசை, தனிச் சட்டி, ஹலால் கேள்விக்கு அந்தச் சமையல்காரர் சொன்னதுபோல உண்மையான பதில்.

நமக்கும் கடமை இருக்கிறது. தெரிந்தவர் கடை என்றால் கூகுளில் ஐந்து நட்சத்திரம், கோபம் வந்தால் ஒரு நட்சத்திரம். இரண்டாலும் யாருக்கும் பிரயோசனம் இல்லை. நண்டு நல்லம், சோறு ஆறியிருந்தது, ஒரு மணித்தியாலம் எடுத்தது என்று பிரித்து எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் அவர்கள் எதைத் திருத்துவது என்று தெரிந்துகொள்ள முடியும். வெயிட்டரை விரல் சொடுக்கிக் கூப்பிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் உங்கள் பிள்ளை அதையும் பழகிக்கொள்ளும்.

வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்கள், டவுனில் கடைக்கு மேல் கடை கட்டுகிறவர்கள் இதை வாசித்தால் ஒன்று யோசியுங்கள். களப்பைப் பார்த்தபடி, மது இல்லாத, சுத்தமான ஒரு குடும்ப ரெஸ்டோரன்ட். சனிக்கிழமை பின்னேரங்களில் எத்தனை குடும்பங்கள் இடம் தேடி அலைகின்றன என்று கொஞ்சம் நின்று பாருங்கள். அங்கே வேலைக்கு வர என்னிடம் படித்த ஒரு பையனும் இருக்கிறான்.

உங்கள் அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். கடையின் பெயர் வேண்டாம், நடந்தது போதும். முக்கியமாகப் பெண்கள் எழுதுங்கள்.