சைக்காலஜி படிக்க வைக்கலாமா? தொலைதூரக் கல்விக் கதவு மூடிய பிறகு நம் பிள்ளைகளுக்குள்ள வழிகள்

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, பாம்பன் வீடுகளில் எழும் கேள்விகளில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "மகள் சைக்காலஜி படிக்கணும்கிறா. படிக்க வைக்கலாமா? வேலை கிடைக்குமா?" இந்தப் பாடத்தில் ஆர்வம் காட்டுபவர்களில் நம் பெண் பிள்ளைகள் கணிசமானவர்கள். பக்கத்தில் கல்லூரி இல்லையே என்று தயங்கிய குடும்பங்களுக்கு இதுவரை ஓர் எளிய வழி இருந்தது. வீட்டிலிருந்தபடியே, ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து பட்டம் பெறலாம். திருமணமான பெண்களும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே படித்தார்கள்.

அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது.

என்ன நடந்தது?

2021ஆம் ஆண்டு மத்திய அரசு, மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன், சத்துணவியல் போன்ற துறைகளுடன் உளவியலும் இந்தச் சட்டத்தின் கீழ் வந்தது. இதன்படி 'சுகாதாரத் தொழிலர்' என்ற தகுதிக்கு, மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும். இதன் தொடர்ச்சியாக யுஜிசி, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல், மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, உணவு மற்றும் ஊட்டச்சத்து போன்ற பாடங்களைத் தொலைதூர, ஆன்லைன் முறைகளில் நடத்தக் கூடாது, புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

ஆகவே இனி யாராவது "வீட்டிலிருந்தே சைக்காலஜி டிகிரி, அட்மிஷன் நடக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பணம் கட்டும் முன் யுஜிசி இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 'ஆறு மாத கவுன்சலிங் டிப்ளமோ' என்று விற்கப்படுபவையும் பட்டத்துக்கு ஈடாகாது. ஆர்வத்துக்காகப் படிப்பதில் தவறில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு நோயாளிக்குச் சிகிச்சை அளிக்க முடியாது.

இந்த உத்தரவு ஏழைப் பெண் பிள்ளைகளைத்தான் அதிகம் பாதிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மனித மனத்தைக் கையாளும் தொழிலை, ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்க்காமல் கற்றுத் தேற முடியுமா? பயிற்சி பெற்றவர்கள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நம் மாவட்டத்தைவிட நன்கறிந்த ஊர் வேறில்லை.

ஏர்வாடி சொல்லும் பாடம்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்களில் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 உயிர்கள் கருகின. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. தமிழக அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. உரிமம் இல்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னர் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியிடுவதை எந்த வகையிலும் கூடாது என்று தடை செய்தது.

அந்தக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை வெறுத்து அங்கே கொண்டுபோய் விடவில்லை. அக்கம்பக்கத்தில் மருத்துவர் இல்லை, இது நோய் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை, வீட்டில் வைத்துப் பார்க்கத் தெம்பில்லை. கடைசியில் எஞ்சியது தர்காவும் சங்கிலியும்தான். பிற்காலத்தில் அரசு அங்கே 'தவா-துஆ' திட்டத்தைக் கொண்டுவந்தது. துஆ செய்ய வருபவருக்கு அதே இடத்தில் மருந்தும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. நோயை இறக்கிய இறைவன் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த பாடமல்லவா? பத்தாம் நூற்றாண்டிலேயே அபூ ஸைத் அல்-பல்கீ (ரஹ்) அவர்கள் உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார்கள். அந்த மரபுக்குச் சொந்தக்காரர்கள் நாம்.

தேவை இருக்கிறதா?

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் உண்டு. அவர்களில் 70 முதல் 92 சதவீதம் வரையானோருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. இது நாடு தழுவிய நிலை. நம் கடற்கரையில் இதற்கு மேலும் சில சுமைகள் உள்ளன. இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட மீனவரின் வீட்டில் வாரக்கணக்கில் தூக்கமில்லை. வளைகுடாவில் கணவர், இங்கே பிள்ளைகளுடன் தனியே பெண் என்று ஆண்டுகள் ஓடுகின்றன. இளைஞர்களிடம் போதைப் பழக்கம் பரவுவதாக ஜுமுஆ பயான்களிலேயே எச்சரிக்கப்படுகிறது. தலாக், குலா விவகாரங்கள் ஜமாஅத் அலுவலகத்துக்கு வரும்போது, இரு தரப்பையும் பக்குவமாகப் பேசவைக்கத் தெரிந்த பெண் ஆலோசகர் எத்தனை மஹல்லாக்களில் இருக்கிறார்? பர்தா அணிந்த நம் சகோதரி, தன் மொழியில் தன்னைப் புரிந்துகொள்ளும் இன்னொரு பெண்ணிடம்தான் மனம் திறப்பார்.

பட்டத்தின் உண்மையான மதிப்பு

தேவை இருப்பதால் மட்டும் மூன்றாண்டுப் பட்டத்துக்குச் சம்பளம் வந்துவிடாது. இதைப் பெற்றோர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். பி.எஸ்ஸி. சைக்காலஜி முடித்தவர் உளவியலாளர் அல்ல. அது முதல் படி. எம்.எஸ்ஸி. முடித்தால் பள்ளி ஆலோசகர், போதை மீட்பு மையம், குழந்தைகள் பாதுகாப்பு, பெண்களுக்கான உதவி மையம், நிறுவனங்களின் மனிதவளத் துறை போன்ற பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவமனையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக, இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) அங்கீகரித்த படிப்பும் பதிவும் கட்டாயம். இதுவரை அது இரண்டாண்டு எம்.ஃபில். ஆக இருந்தது. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திய யுஜிசி, இந்தத் துறைக்கு 2025-26 வரை அவகாசம் தந்தது. அதற்கு மாற்றாக ஆர்.சி.ஐ. புதிய பட்டப் படிப்புகளைக் கொண்டுவந்துள்ளது. எப்படிப் பார்த்தாலும் ஆறேழு ஆண்டுகள். அந்தக் கணக்கோடுதான் தொடங்க வேண்டும்.

குறைந்த செலவில் எங்கே?

அரசுக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. உளவியல் துறை உள்ள அரசுக் கல்லூரிகளில் சென்னை மாநிலக் கல்லூரி பழமையானது. 2007 முதல் நடைமுறையில் உள்ள 3.5 சதவீத முஸ்லிம் இடஒதுக்கீடு இங்கெல்லாம் பொருந்தும். சாதிச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். சென்னையில் நம் சமுதாயத்தின் நீதிபதி பஷீர் அஹமது சயீத் மகளிர் கல்லூரியிலும் இப்பாடம் உண்டு. முதுநிலைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வழியே போனால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே சேர கியூட் தேர்வு எழுத வேண்டும். மத்திய அரசுக்கான ஓபிசி சான்றிதழ் தேவை.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். உண்மையான செலவு கல்லூரிக் கட்டணம் அல்ல, விடுதியும் சாப்பாடும் சேது எக்ஸ்பிரஸ் பயணமும்தான். கணக்குப் போடும்போது இதை மறக்க வேண்டாம்.

வெளியூர் அனுப்ப இயலாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. 2017 சட்டம் மனநலச் செவிலியரையும் மனநலச் சமூகப் பணியாளரையும் மனநலத் தொழிலர்களாகவே அங்கீகரிக்கிறது. அருகில் கிடைக்கும் நர்சிங் அல்லது சமூகப்பணிப் படிப்பிலிருந்தும் இத்துறைக்குள் நுழையலாம். ஏற்கெனவே தொலைதூர முறையில் சேர்ந்து படித்துக்கொண்டிருப்பவர்கள் பாதியில் விடாமல் முடித்துவிடுங்கள். தடை புதிய சேர்க்கைக்குத்தான்.

ஜமாஅத்துகளின் கடமை

ஒரு குடும்பம் தனியாக ஏழு ஆண்டுச் செலவைச் சுமப்பது கடினம். ஆனால் ஓர் ஊர் சேர்ந்து ஒரு பிள்ளையைச் சுமப்பது கடினமல்ல. மருத்துவம், பொறியியலுக்கு உதவும் பைத்துல்மால்களும் வெளிநாடுவாழ் ஊர் நலச் சங்கங்களும், ஆண்டுக்கு ஒரு மாணவியை உளவியலுக்கென்று தேர்ந்தெடுக்கலாம். படிப்பு முடிந்ததும் சில ஆண்டுகள் சொந்த ஊரில் வாரம் ஒரு நாள் இலவச ஆலோசனை வழங்க வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பத்து ஊர்கள் இப்படிச் செய்தால், பத்தாண்டுகளில் இந்தக் கடற்கரையில் பத்து ஆலோசகர்கள் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

அதுவரை, உங்கள் வீட்டில் யாருக்கேனும் மனநெருக்கடி என்றால் 14416 என்ற இலவச டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். தமிழில் பேசலாம், எந்த நேரமும் பேசலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஏர்வாடியில் கருகிய அந்த 28 பேருக்கும் பெற்றோர் இருந்தார்கள், உடன்பிறந்தோர் இருந்தார்கள். இல்லாமல் போனது, சரியான நேரத்தில் சரியான வழி சொல்லும் ஒரு மனிதர்தான். அந்த மனிதராக உங்கள் மகள் ஆக விரும்பினால், வேலை கிடைக்குமா என்ற கேள்வியோடு இந்தக் கேள்வியையும் சேர்த்தே யோசியுங்கள். நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ள கல்வியாக வல்ல அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.