ஒரு டின் மல்லிகைக்கு இடம் உண்டா?

சித்திரை, வைகாசி ஆகிய இரண்டு மாதங்களையும் இளவேனில் என்று வகுத்தார்கள் நம் முன்னோர்கள். மும்பையில் இவை வேர்வை மாதங்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாலும் சட்டை நனைகிறது. ஆனால், தாராவி, மாதுங்கா, செம்பூர் வட்டாரங்களில் வாழும் தமிழர் வீடுகளில் மல்லிகை பூத்துக் குலுங்குவதும் இந்த மாதங்களில்தான்.

தோட்டம் என்றதும் ஊரில் உள்ள கொல்லைப்புறத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மும்பைத் தமிழனின் தோட்டம் ஒரு காலி எண்ணெய் டின், இரண்டு பெயின்ட் டப்பா, உடைந்த பிளாஸ்டிக் வாளி, அவ்வளவுதான். மல்லிகை, துளசி, செம்பருத்தி, இடமிருந்தால் ஒரு நந்தியாவட்டை. அரிசி களைந்த தண்ணீரும், காய்கறித் தோலும் அவற்றுக்கு உணவு. காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தை நிரப்பிய கையோடு ஒரு சொம்பு செடிக்கும் போகிறது. மாலையில் மொட்டுப் பறித்துத் தொடுத்தால், சாமி படத்துக்குக் கொஞ்சம், தலைக்குக் கொஞ்சம். மீதியை அடுத்த வீட்டு மராட்டியப் பெண்மணி ‘மோக்ரா’ என்று வாங்கி வைத்துக்கொள்கிறார். மொழி தெரியாத இருவரைப் பேச வைக்க ஒரு முழம் பூ போதும்.

பூ வேண்டுமென்றால் மாதுங்கா ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கத்துக் கடைகளில் கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் கடைப் பூ வேறு. வீட்டில் பூத்த பூ வேறு. இதை எந்தத் தாய்மாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இன்று கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பழைய வீடுகளை இடித்துக் கட்டப்படும் புதிய மும்பையில் இந்த ஒரு டின்னுக்கு இடம் இருக்குமா?

வெயில் கேட்கும் செடி

மல்லிகை வெயிலை நம்பி வாழும் செடி. கார்த்திகை, மார்கழி வாக்கில் கவாத்து செய்து, மாசியில் துளிர் விட்டதும் உரம் வைத்தால், புதுக் கிளைகளின் நுனியில் மொட்டுக் கட்டும். அந்தக் கிளைகளுக்கு நாளில் பல மணி நேரம் நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தாலும் செடி சாகாது. பச்சைப் பசேலென்று இலை விடும், கொடியாக ஓடும், மொட்டு மட்டும் வைக்காது.

பருவமும் குறுகியது. மழை இறங்கிவிட்டால் மொட்டு அழுகும். மும்பையில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் தொடங்கும். 2025-ல் மே 26 அன்றே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு பூப்பறிக்கும் நாள்களில் இரண்டு வாரம் குறைந்தது. வெயில் இருக்கும்போதே பூக்க வேண்டிய செடிக்குச் சுவர் மறைத்த மூலையில் என்ன வேலை?

ஆகவே மல்லிகையை ஒரு சோதனைக் கருவி என்றே சொல்லலாம். அது பூத்தால் அந்த வீட்டுக்கு வெயில் வருகிறது என்று பொருள். இலை மட்டும் விட்டால், அந்த வீட்டில் குடியிருக்கும் மனிதருக்கும் வெயில் இல்லை.

கோவண்டி சொல்லும் பாடம்

இது கவிதைக்காகச் சொல்லும் பேச்சன்று. செம்பூருக்கு அடுத்த கோவண்டி, மான்குர்த் பகுதிகளில் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் போன்ற மறுவாழ்வுக் குடியிருப்புகள் உள்ளன. சாலைக்காகவும் ரயில் பாதைக்காகவும் குடிசைகளை இழந்தவர்கள் அங்கே குடியேற்றப்பட்டனர். ஏழு மாடிக் கட்டடங்கள். ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் மூன்று மீட்டர்தான். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். கீழ்த்தளங்களில் நண்பகலிலும் விளக்குப் போட வேண்டும்.

‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ என்ற அமைப்பும் மும்பை ஐ.ஐ.டி.யும் இந்தக் குடியிருப்புகளை ஆராய்ந்தன. அதன் முடிவுகள் 2018-ல் வெளியாயின. வெளிச்சமும் காற்றும் புகாத கீழ்த்தள வீடுகளில் காசநோய் அதிகம் என்று அந்த ஆய்வு காட்டியது. காசநோய்க் கிருமி வெயில் பட்டால் மடியும். காற்றோட்டமில்லாத அறையில் தங்கிப் பரவும். குடிசையிலிருந்து சிமென்ட் வீட்டுக்குப் போனவனுக்குக் கூரை கிடைத்தது, வெயில் பறிபோனது. ஒரு மல்லிகைச் செடி பூக்காத இடத்தில் ஒரு குடும்பத்தைப் பூட்டி வைத்தால் வேறு என்ன நடக்கும்?

தாராவியின் முறை

இப்போது தாராவியின் முறை. சீரமைப்புத் திட்டத்துக்கான டெண்டர் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குக் கிடைத்தது. 2025 மே மாதம் மாநில அரசு பெருந்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்து, தகுதி பெறுவோருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது ஏற்பாடு.

யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை, மாடியில் குடியிருப்பவர் கதி என்ன என்ற வழக்குகளும் வாதங்களும் பெரியவை. அவற்றை யாரும் சிறிதாக எண்ண முடியாது. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, வீட்டுக்குள்ளேயே குழாய் என்பவை தாராவிப் பெண்களுக்குப் பெரும் விடுதலை என்பதையும் மறுக்க முடியாது. இன்றைய தாராவிச் சந்துகளில் வெயில் கொட்டுகிறது என்று சொல்வதும் பொய்யாகும். அங்கே செடிகள் தரையில் வாழவில்லை. கூரைத் தகட்டின் மேலும், இரும்பு ஏணியின் படியிலும், மாடி விளிம்பிலும் ஏறி நின்று வெயிலைத் தேடிப் பிடிக்கின்றன. புதிய வீட்டில் அந்தக் கூரையும் போய்விடும், ஏணியும் போய்விடும். அவற்றுக்குப் பதில் என்ன என்பதுதான் கேள்வி.

மாதுங்காவிலும் செம்பூரிலும் இதே கதை வேறு விதமாக நடக்கிறது. இரண்டு, மூன்று மாடிப் பழைய கட்டடங்களில் பால்கனி இருந்தது, பூந்தொட்டி இருந்தது. இடநெருக்கடியில் பால்கனியை அடைத்து அறையாக்கினோம். இப்போது கட்டடமே கோபுரமாகிறது. மொட்டை மாடிக்குப் பூட்டு. சாவி சொசைட்டி அலுவலகத்தில்.

மறுப்பவர்களுக்குப் பதில்

பூந்தொட்டி தவறிக் கீழே விழுந்தால் ஆளைக் கொல்லும் என்கிறார்கள். உண்மைதான். அதனால்தான் ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவது கூடாது. கட்டும்போதே தடுப்புச் சுவருக்கு உட்புறம் ஓர் அடி அகலத் திண்ணை வைத்துவிட்டால் விழுவதற்கு வழியில்லை.

கொசு வரும் என்கிறார்கள். செடியில் கொசு முட்டையிடுவதில்லை. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் துடைத்தால் டெங்குவுக்கு அங்கே இடமில்லை. மாநகராட்சி ஊழியர் வந்து சொல்லும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

தண்ணீர் ஏது என்கிறார்கள். 2024-ல் மே 30 முதல் ஐந்து சதவிகிதமும், ஜூன் 5 முதல் பத்து சதவிகிதமும் மும்பைக் குடிநீர் குறைக்கப்பட்டது. அந்த நாள்களிலும் சோறு வடித்தோம், அரிசி களைந்தோம். அந்தத் தண்ணீர் ஒரு செடிக்குப் போதும்.

குடியிருக்க வீடு கேட்பவனுக்குப் பூ ஒரு கேடா என்று கடைசியாகக் கேட்பார்கள். ஓர் எண்ணெய் டின்னின் அடிப்பாகம் ஒரு சதுர அடிகூட இல்லை. 350 சதுர அடியில் ஒரு சதுர அடி கேட்பது ஆடம்பரமா? அந்த ஒரு சதுர அடியில் வெயில் விழ வேண்டுமானால், கட்டடங்களுக்கு இடையே போதிய தூரம் விட்டாக வேண்டும். ஆகவே பூவுக்காகக் கேட்பதும் பிள்ளைகளின் நுரையீரலுக்காகக் கேட்பதும் ஒன்றே.

செய்ய வேண்டியவை

இந்த நகரத்தால் முடியாதது இல்லை. தாராவியை ஒட்டி, குப்பை கொட்டிய மேட்டின் மீது எழுந்ததுதான் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. 37 ஏக்கர் பரப்பில் 1994-ல் திறக்கப்பட்டது. குப்பை மேட்டைக் காடாக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஜன்னலோரத் திண்ணை கட்டத் தெரியாதா?

வீட்டு வரைபடம் காட்டப்படும்போது தாராவி மக்கள் சதுர அடியை மட்டும் பார்த்துக் கையெழுத்திடக் கூடாது. அடுத்த கட்டடம் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறது, கீழ்த்தளத்துக்கு எத்தனை மணி நேரம் வெயில் வரும், மொட்டை மாடி திறந்திருக்குமா என்று கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் பெற வேண்டும். மாதுங்கா, செம்பூர் சொசைட்டிகளில் பொறுப்பில் உள்ள தமிழர்கள், காலையிலும் மாலையிலும் மாடிக் கதவைத் திறந்துவிட்டு, தளம் ஒழுகாதபடி கால் வைத்த மேடைகளில் தொட்டிகளை வைக்க ஏற்பாடு செய்யலாம்.

தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு வேலை உண்டு. மழைக்காலம் பதியம் போட ஏற்ற காலம். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடும் சங்கங்கள், ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லிகைப் பதியங்களை வீட்டுக்கொன்றாகக் கொடுக்கலாம். தொட்டியைத் தாராவி கும்பார்வாடாவிலேயே வாங்கலாம். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக மண் பிசைந்து வருகின்றன. அவர்களின் சூளையும் இதே சீரமைப்பை எதிர்நோக்கித்தான் நிற்கிறது. குஜராத்திக் குயவரின் தொட்டி, தமிழ்ப் பெண்ணின் மல்லிகை, மராட்டியப் பெண்ணின் கூந்தல்: மும்பை என்பது இதுதானே?

நாளை அதிகாரிகள் புதுவீட்டின் சாவியைக் கொடுப்பார்கள். அந்த வீட்டில் வரும் முதல் வைகாசியில் ஜன்னலோர மல்லிகை மொட்டு வைத்தால், திட்டம் நல்ல திட்டம். இலை மட்டும் விட்டால், கட்டியவர்கள் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியைக் கட்டி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை. வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே கேட்க வேண்டும். கேட்பார்களா தாராவித் தமிழர்கள்?