உறை போட்டால் விரிசல் போய்விடுமா?

எங்கள் வீட்டு ஃபியட் 1100 டிலைட் 1967ஆம் வருஷத்து வண்டி. பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறியதே, அதே வண்டிதான். அப்பா காலமான பிறகு திருச்சியில் என் வீட்டு ஷெட்டுக்கு வந்தது. வரும்போதே ஸ்டியரிங்கில் கறுப்பு ரெக்சின் உறை ஒன்று நூலால் இறுக்கித் தைத்திருந்தது. போன சித்திரையில் தில்லைநகர் திருப்பம் ஒன்றில் ஸ்டியரிங்கை ஒடித்தேன். கை திரும்பியது, உறை திரும்பியது, வளையம் அப்படியே நின்றது. ஒரு கணம்தான். எதிரே வந்த ஆட்டோக்காரர் சொன்னதைப் பேப்பரில் எழுத முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பிளேடால் நூலை அறுத்து உறையைக் கழற்றினேன். உள்ளே ஏழு விரிசல். கம்பிகள் வந்து வளையத்தைத் தொடும் இடங்களில் மட்டும் ஐந்து. ஒன்றில் என் சுண்டுவிரல் நகம் முழுசாக இறங்கியது. அடியில் துருப்பிடித்த இரும்பு. துரு எப்படி வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கை வியர்வையும் மழைக்கால ஈரமும் உறைக்குள் போய், காய வழியில்லாமல் விரிசலுக்குள் இறங்கியிருக்கிறது. துரு பெருக்கப் பெருக்க விரிசலை உள்ளிருந்து நெம்பும். பழைய வண்டி வைத்திருப்பவர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாக அந்த உறையைக் கழற்றிப் பாருங்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: தூக்கிப் போட்டுவிட்டு, சின்னதாக ஸ்போர்ட்ஸ் மாடல் ஒன்று மாட்டிவிடுங்கள். முப்பத்தொரு வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவளிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிக்கு அவ்வளவு பெரிய வளையம் கொடுத்தது அழகுக்காகவா? வளையம் பெரிதாக இருந்தால்தான் கைக்குப் பாரம் குறையும். சின்னதை மாட்டி ஷெட்டுக்குள் வண்டியைத் திருப்பிப் பாருங்கள், தோள்பட்டை சொல்லும்.

சட்டம் இதைத் தடுக்குமா? 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியாக இருக்க வேண்டும், அசல் வடிவம் கெடாதிருக்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்துகள். பெரிய மாற்றம் என்று அந்த விதி பார்ப்பது சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைத்தான். ஸ்டியரிங் வளையத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. எனக்கு இருக்கிறது. வண்டியில் நாள் முழுக்க நம் கை படுகிற பாகம் அது ஒன்றுதான்.

வளையம் ஏன் வெடிக்கிறது? பொன்மலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தண்டவாள இடைவெளியை வைத்து நடத்திய அதே பாடம்தான். வளையத்துக்குள் இரும்புக் கம்பி, மேலே அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக். சுற்றளவு சுமார் ஒண்ணேகால் மீட்டர். முப்பது டிகிரி சூடு ஏறினால் இரும்பு அரை மில்லிமீட்டர் அளவு நீளும். பிளாஸ்டிக்கோ மூன்று மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். ராத்திரி குளிர்ந்ததும் பிளாஸ்டிக் சுருங்க நினைக்கும், உள்ளே இரும்பு விடாது. கத்திரி வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்தும் வண்டியில் இந்த இழுபறி தினமும் நடக்கிறது. போதாததற்கு, பிளாஸ்டிக்கை இளக்கமாக வைத்திருந்த சரக்கும் வருஷக்கணக்கில் ஆவியாகிப் போயிருக்கும்.

பாலக்கரையில் எங்களுக்கு ஒரு பாய் இருக்கிறார், அப்பா காலத்து மெக்கானிக். வளையத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாமான் முந்நூறு ரூபா கூட ஆகாது டீச்சர், நாளுதான் போகும்" என்றார். வேலையை என் கையாலேயே செய்ய வைத்தார்.

ஹார்ன் மூடியை எடுத்து, தண்டிலும் வளையத்திலும் ஒரே கோடாகக் கீறி அடையாளம் வைத்தோம். நட்டை முழுசாகக் கழற்றாமல் நாலு மரை விட்டுவிட்டுப் புல்லர் போடச் சொன்னார். இல்லாவிட்டால் வளையம் பிடுங்கிக்கொண்டு மூஞ்சியில் அடிக்குமாம். சுத்தியலைத் தொடவே விடவில்லை. தட்டுகிற அடி நேரே ஸ்டியரிங் பாக்ஸுக்குப் போகும்.

அடுத்ததுதான் மனசுக்குக் கஷ்டம். அடைக்க வேண்டிய விரிசலை முதலில் அகலப்படுத்த வேண்டும். ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரிசலையும் இரும்பு தெரியும்வரை 'வி' வடிவில் அறுத்தேன். மேலாகப் பூசினால் பட்டி உள்ளே பிடிக்காது. துருவைக் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்து, சோப்புத் தண்ணீரிலும் பிறகு ஸ்பிரிட்டிலும் துடைத்தேன். தின்னர் கூடாது, சிலவகைப் பழைய பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். எம்-சீல் இரண்டு உருண்டையையும் சரிபாதியாகப் பிசைந்து அழுத்தி, மேடாகவே விட்டேன். ஒரு முழு நாள் காயவிட்டு 80, 120, 220, 400 என்று எமரி பேப்பர். வளையத்தின் பின்பக்கம் விரல் பதிய அலை அலையாக இருக்குமே, அதைத் தட்டைக் காகிதத்தால் தேய்த்தால் அலை போய்விடும். ஒரு மார்க்கர் பேனாவில் எமரியைச் சுற்றித் தேய்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. தேய்த்து முடிக்கும்போது மயிரிழையாக இன்னும் இரண்டு விரிசல் தெரிந்தன. மறுபடி பிளேடு, மறுபடி ஒரு நாள்.

மொத்தம் ஒன்பது நாள். என் தோழி தன் அம்பாசடரை ஒரு பட்டறையில் விட்டாள். ஒரே நாளில், பாடிக்குப் போடும் பட்டியை அப்பிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் பொரிந்து உதிர்ந்தது. பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். காய்கிற நாளுக்கு நம்மில் யார் கூலி கொடுக்கிறோம்? "சும்மா வெச்சிருந்ததுக்கு இவ்வளவா?" என்றுதானே கேட்கிறோம்.

எல்லா வளையத்தையும் பிழைக்க வைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இரும்பு ஒடிந்திருந்தால், நடுக்குடம் ஆடினால், வெல்டிங் வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைக்கவே கூடாது. அப்போது சென்னைப் புதுப்பேட்டையில் தேடி வேறு வாங்குவதுதான் சரி.

கடைசியில் நிறம். வளையம் பழுத்த தந்த மஞ்சள். ஹார்ன் மூடிக்கு அடியில், வெயில் படாத இடத்தில் மட்டும் கிட்டத்தட்ட வெள்ளை. அதுதான் 1967இல் கம்பெனி கொடுத்த நிறம். "எதுக்கு மேட்ச் பண்ண?" என்று பாய் கேட்டார். பெங்களூரிலிருந்து தம்பி போனில், அசல் நிறம்தான் முறை என்று அடித்துச் சொன்னான். நான் பார்த்தது, அப்பா பிடித்து ஓட்டியது எல்லாம் இந்த மஞ்சளைத்தான். பியூ பெயிண்டில் பாய் சொட்டுச் சொட்டாக மஞ்சளும் ஒரு துளி கறுப்பும் விட்டு, அட்டையில் தீற்றிக் காயவைத்துப் பார்த்து, நாலாவது தடவை சேர்த்துவிட்டார்.

மூடிக்கு அடியில் மட்டும் பெயிண்ட் படவிடவில்லை. தம்பி தீபாவளிக்கு வரும்போது கழற்றிக் காட்ட வேண்டும்.