ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எங்கும் உறுதியாக நிற்காதவனைக் குறை கூறும் பழமொழி அது. ஆனால் விரும்பியா ஒருவன் அப்படி நிற்கிறான்? நிற்க இடம் தராதவர்களைக் குறை கூறப் பழமொழி ஏதும் உண்டா? சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் நான் கண்ட ஒரு காட்சி என்னை இப்படிக் கேட்க வைத்தது.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். முதல் பட்டதாரிச் சலுகையில் மின்னியல் பொறியியல் படித்து, எம்.இ. பட்டத்தையும் முதல் வகுப்பில் பெற்றவர். பிளஸ் டூவில் எனக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர். ஒரு பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியான பொறியியல் கல்லூரியில் பகுதிநேர விரிவுரையாளர்கள் தேவை என்ற அறிவிப்பைக் கண்டு, நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்டார். "தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு, நீயும் வா தம்பி" என்றார். அவருடைய ஃபைலைச் சுமந்துகொண்டு நானும் சென்றேன்.

இருந்த இடங்கள் மூன்று. வந்திருந்தவர்கள் 38 பேர். டாக்டர் பட்டம் பெற்றவர்கள்கூட அந்த நடைகூடத்தில் காத்திருந்தார்கள். கைக்குழந்தையுடன் ஓர் அக்கா நின்றிருந்தார். என் பக்கத்தில், மின்சார வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். பேச்சு வாக்கில், டிரான்ஸ்பார்மருக்குள் ஈரம் புகுந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். அது மூச்சு வாங்கும் வழியில் சிலிக்கா ஜெல் வைத்திருப்பார்கள் என்றும், உலர்ந்திருக்கும்போது நீலமாக இருப்பது ஈரம் பட்டதும் இளஞ்சிவப்பாக மாறும் என்றும் விளக்கினார். மழை இரவில் கம்பத்தடியில் நின்ற அனுபவத்தையும் சேர்த்துச் சொன்னார். பத்து நிமிடத்தில் நான் கற்றது எந்தப் பாடநூலிலும் அப்படி மனத்தில் பதிந்ததில்லை.

அந்தப் பெரியவரை இரண்டே நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். அவரிடம் எம்.இ. பட்டம் இல்லையாம். அண்ணனுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. சான்றிதழ்களைப் புரட்டினார்கள், "திங்கட்கிழமையே சேர முடியுமா?" என்று கேட்டார்கள். கரும்பலகை பக்கம் யாரும் திரும்பவில்லை. வகுப்பு எடுக்கத் தெரியுமா என்று பார்க்காமலே ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுத்து முடித்தார்கள்!

அண்ணனுக்கு வேலை கிடைத்தது. வாரத்துக்கு 18 மணி நேர வகுப்பு, ஆய்வகம், தேர்வு மேற்பார்வை, ஆய்வுக் குழுக்களுக்குக் காட்ட வேண்டிய கோப்பு வேலை. பெயர்தான் பகுதிநேரம், காலையில் முதல் பஸ்ஸுக்குப் போனவர் இருட்டிய பிறகுதான் திரும்புவார். ஆனால் ஊதியம் எடுத்த வகுப்புகளுக்கு மட்டுமே. கையில் வந்தது மாதம் 20,000 ரூபாயைச் சற்றே தாண்டியது. பருவம் முடிந்ததும் ஆணையும் முடிந்தது. அவர் வழிகாட்டிவந்த இறுதியாண்டு மாணவர்களின் ப்ராஜெக்ட் பாதியில் நின்றது. அடுத்த பருவத்துக்கு மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் அதே நடைகூடம்.

என் தந்தையார் கொத்தனார். இதைக் கேட்டதும், "லீவு நாளுக்குச் சம்பளம் உண்டா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ நம்ம கூலி மாதிரிதான். இதுக்கா அத்தனை வருஷம் படிச்சான்?" என்றார். சிறிது நேரம் கழித்து, "பாதிச் சுவருல ஆளை மாத்துனா பூச்சு ஒண்ணா வராதுடா" என்றார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர் சொன்ன இந்த இரண்டு வார்த்தைகளில் இப்பிரச்சினை முழுவதும் அடங்கிவிட்டது என்பேன்.

பகுதிநேர ஆசிரியரே வேண்டாம் என்பது என் வாதம் அன்று. பகுதிநேரத்தில் இரண்டு வகை உண்டு. வேறொரு தொழிலில் ஊன்றி நின்று, அந்த அனுபவத்தை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மாணவருக்குத் தர வருபவர் ஒரு வகை. பொறியியல் கல்விக்கு அவர் அவசியம். வேறு தொழில் இல்லாமல் முழுநாளும் கல்லூரியிலேயே உழைத்துவிட்டு, மணிக்கணக்கில் கூலி வாங்குபவர் மற்றொரு வகை. அவரைப் பகுதிநேர ஆசிரியர் என்பது பொய். அது நிரந்தர வேலையைப் பாதி விலைக்கு வாங்குவதாகும். நான் கண்ட நேர்முகத் தேர்வு முதல் வகையினரை வாசலோடு திருப்பி அனுப்பியது. இரண்டாம் வகையினரை மலிவாக எடுத்துக்கொண்டது.

விதிகள் இல்லாமலா இருக்கின்றன? ஒப்பந்த ஆசிரியர்களைத் தவிர்க்க முடியாதபோதுதான் நியமிக்க வேண்டும், அவர்கள் எண்ணிக்கை மொத்த ஆசிரியர் பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, தேர்வு முறையும் நிரந்தர ஆசிரியருக்கு உரியதாகவே இருக்க வேண்டும் என்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிகள் கூறின. 2019இல் அதே குழு, கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாயும், மாதத்துக்கு அதிக அளவாக 50,000 ரூபாயும் என வரையறுத்தது. தொழில் அனுபவம் மிக்கவர்களைப் பட்டத்தை வற்புறுத்தாமல் பேராசிரியராக அமர்த்தவும் 2022இல் வழி செய்தது. அதற்கு 15 ஆண்டு அனுபவம் போதும். ஏட்டில் வழி இருக்கிறது. நாட்டில் நடக்கத்தான் ஆளில்லை!

நீதிமன்றமும் பேசியிருக்கிறது. குஜராத்தில் அரசு பொறியியல் கல்லூரிகளில் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் மாதம் 30,000 ரூபாய்க்கு ஆண்டுக்கணக்கில் பணியாற்றினார்கள். நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளமோ 57,700 ரூபாய். ஒரே வேலைக்கு இப்படி இரண்டு கூலியா? 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் அந்தப் பதவிக்குரிய குறைந்தபட்ச ஊதிய விகிதத்தை வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட வசதியில்லாத அண்ணன்மார்கள் எத்தனை பேரோ!

"நிதி இல்லை, எந்தப் பிரிவில் எத்தனை மாணவர்கள் சேர்வார்கள் என்றும் தெரியவில்லை, நிரந்தரமாக எப்படி நியமிப்பது?" என்று நிர்வாகத்தினர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கணினிப் பிரிவுக்குக் கூட்டம் அலைமோதுவதும், மற்றப் பிரிவுகளில் இடங்கள் காலியாகக் கிடப்பதும் உண்மையே. ஆனால் கணிதமும் இயற்பியலும் அடிப்படை மின்னியலும் ஆண்டுதோறும் நடத்தியே தீர வேண்டிய பாடங்கள். ஆண்டுதோறும் இருக்கும் வேலைக்கு ஆண்டுதோறும் தற்காலிக ஆளா? உடனே நிரந்தரமாக்க இயலாவிட்டால், கோடை விடுமுறையையும் சேர்த்து முழு ஆண்டுக்கு ஆணை கொடுக்கட்டும். கோப்பு வேலைக்கும் தேர்வு வேலைக்கும் ஊதியம் கணக்கிடட்டும். தேர்வு செய்யும்போது மாணவர்களை எதிரில் உட்காரவைத்து ஒரு முழு வகுப்பு எடுக்கச் சொல்லட்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010 முதல் கட்டடவியலும் இயந்திரவியலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டனவே, அத்தகைய வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனுக்கும் புரிய வைப்பவரைச் சான்றிதழை மட்டும் பார்த்தா கண்டுபிடிப்பது? அந்த ஓய்வுபெற்ற பொறியாளர் போன்றவர்களுக்குச் சனிக்கிழமையில் ஒரு பாடம் ஒதுக்கினால் கல்லூரிக்கு என்ன நட்டம்?

அறிவியல் மாணவனுக்குப் பொறியியல் கல்லூரியைப் பற்றி என்ன கவலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நமது துறையிலும் கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். நமக்குப் புரியவில்லை என்றால் வகுப்பு முடிந்தும் நின்று சொல்லித் தருகிறார்கள். அந்தக் கால் மணி நேரத்துக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்று நாம் ஒரு நாளாவது எண்ணிப் பார்த்தோமா?

எம்.எஸ்ஸி. முடித்து ஆசிரியராக வேண்டும் என்பது என் ஆசை. என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் தம் கரணை என் கைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே வெயிலில் நிற்கிறார். நாளை அந்த நடைகூடத்தில் நான் நிற்கும்போது அவர் ஃபைலைப் பிடித்துக்கொண்டு உடன் வரலாம். "லீவு நாளுக்குச் சம்பளம் உண்டா?" என்று அன்றும் கேட்பார். "உண்டு" என்று சொல்லும் நிலையை உருவாக்குவது ஆள்வோர் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.