பளபளப்பை நம்பி வாங்கலாமா?

சுபாங் ஜெயா பேரங்காடிகளில் வரிசையாக ஒளிரும் தொலைக்காட்சிகளுள், மிகவும் பளிச்சென்று தெரிவதையே பலர் தேர்ந்தெடுக்கின்றனர். இது சரியான முறையன்று என்பது என் கருத்து. கடையின் விளக்கொளியிலும் எடுப்பாகத் தெரிவதற்காகத் திரையின் ஒளியை அங்கே கூட்டி வைப்பார்கள். வீட்டு வரவேற்பறையில் அவ்வொளி கண்ணைக் கூசச் செய்யும்.

‘120 ஹெர்ட்ஸ்’ என்ற விளம்பரத்திற்கும் மயங்கக்கூடாது. அத்திரை வினாடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் என்பதே அதன் பொருள். திரைப்படங்களோ பெரும்பாலும் வினாடிக்கு 24 படங்களாகவே எடுக்கப்படுகின்றன. காணொலி விளையாட்டுகள் பலவும் 30 அல்லது 60 படங்களில் இயங்குகின்றன. ஆகவே, போட்டி விளையாட்டுகளில் தீவிரமாக ஈடுபடாத குடும்பங்களுக்கு 60 ஹெர்ட்ஸ் திரையே போதும்.

மிஞ்சும் பணத்தைக் கருமையை ஆழமாகக் காட்டும் திரைக்குச் செலவிடலாம். இருட்டுக் காட்சி சாம்பல் நிறமாகத் தெரிந்தால் படத்தின் சுவை குன்றும். விளையாடும்போது, பொத்தானை அழுத்தியதும் உருவம் தாமதமின்றி அசைய வேண்டும். அதற்குக் ‘கேம் மோட்’ வசதி உதவும். எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையையும் கவனிக்க வேண்டும்.

வாங்கும் முன், திரையை வீட்டுப் பயன்பாட்டுக்குரிய ஒளிக்கு மாற்றிக் காட்டும்படி விற்பனையாளரைக் கேளுங்கள். பல்லாண்டு பயன்படும் பொருளைச் சில நிமிடப் பளபளப்பை நம்பி வாங்கலாமா?